எஸ்டஸ் பார்க்கா, கிராண்ட் லேக்கா? ராக்கி மலைக்குப் போகும் இருவருக்கு எந்தப் பக்கம்

ராக்கி மலை தேசியப் பூங்காவுக்குக் கணவன் மனைவியாகப் போகத் திட்டமிடுகிறீர்களா? எந்த ஏரி, எந்தச் சிகரம் என்பதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் எந்தப் பக்கம் தங்குவது என்று முடிவு செய்துவிடுங்கள். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் இருக்கும் இந்தப் பூங்காவின் கிழக்கு வாசலில் எஸ்டஸ் பார்க், மேற்கு வாசலில் கிராண்ட் லேக். இரண்டு ஊருக்கும் நடுவில் பெரிய மலைமுகடு நிற்கிறது. நாங்கள் இரண்டு முறை போனோம், முதல் முறை எஸ்டஸ் பார்க்கில் நான்கு இரவு, அடுத்த முறை கிராண்ட் லேக்கில் மூன்று இரவு. எனக்கு மேலே மேலே ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். என் கணவருக்கு முழங்கால் வலி, ஏற்றம் ஆகாது, ஆனால் தண்ணீர் ஓரமாக ஒரு பாறை கிடைத்தால் இரண்டு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பார். இப்படி நடையில் ஒத்துப்போகாத இருவர் எங்கே தங்கினால் நல்லது என்று முதல் பயணத்துக்கு முன் எவ்வளவோ தேடியும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கிழக்குப் பக்கம் என்றால் பேர் லேக்தான். கார் நிறுத்துமிடத்திலிருந்து சில அடி நடந்தால் ஏரி வந்துவிடும், அதுவே ஏறக்குறைய 2,888 மீட்டர் உயரம். அங்கிருந்து ஒரே பாதையில் அடுத்தடுத்து மூன்று ஏரிகள். 800 மீட்டரில் நிம்ஃப், இன்னும் ஒரு கிலோமீட்டர் போனால் ட்ரீம், மொத்தம் 3 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் எமரால்ட். போகப் போக மலைச்சுவர் நெருங்கி வரும், எமரால்டில் பாதை முடியும்போது கற்பாறைகளும் பனித்திட்டும் நேரே தலைக்கு மேல் நிற்கும். மொத்த ஏற்றம் 200 மீட்டர்கூட இல்லை. அல்லி படர்ந்த நிம்ஃப் ஏரிக்கரையில் என் கணவர் உட்கார்ந்துவிட்டார், நான் எமரால்ட் வரை போய்த் திரும்பினேன், இருவருக்கும் குறை இல்லை. கிழக்கின் பெரிய வசதி இது. ஒருவர் நின்றுவிடலாம், மற்றவர் தொடரலாம், நிற்கிற இடமும் பார்க்கிற மாதிரி இருக்கும். ஏற்றமே வேண்டாம் என்பவருக்கு ஸ்ப்ரேக் ஏரியைச் சுற்றிச் சமதளப் பாதை இருக்கிறது, ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான்.

ஆனால் கூட்டம்! இதைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்குத் துரோகம் செய்கிறேன் என்று அர்த்தம். கோடையில் பேர் லேக் பார்க்கிங் விடிந்து கொஞ்ச நேரத்திலேயே நிரம்பிவிடும், அப்புறம் கீழே வண்டியை விட்டுவிட்டு ஷட்டில் பஸ்ஸுக்கு வரிசையில் நிற்க வேண்டியதுதான். அதற்கு மேல், உள்ளே நுழையும் நேரத்துக்கு முன்பதிவு வேறு. 2025 கோடையில் பேர் லேக் சாலைக்குக் காலை 5 முதல் மாலை 6 வரை தனி அனுமதி தேவைப்பட்டது, பூங்காவின் மற்ற பகுதிகளுக்குக் காலை 9 முதல் பிற்பகல் 2 வரை மட்டும். நாங்கள் இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் பேர் லேக் சேராத அனுமதியை வாங்கிவிட்டோம், முதல் நாள் காலை வாசலில் திருப்பி அனுப்பப்பட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. மறுநாளுக்கான இடங்களில் ஒரு பங்கை முந்தின நாள் இரவு 7 மணிக்குத் திறப்பார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது, அதில் கிடைத்தது. விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும், எனவே விடுதியைப் பதிவு செய்வதற்கு முன்பே இதைப் பார்த்துவிடுங்கள்.

மேற்கில் இந்தப் படபடப்பு வெகு குறைவு. 9 மணிக்கு முன் உள்ளே போய்விட்டால் அந்த நேர அனுமதியே தேவைப்படவில்லை, காலை 8 மணிக்குப் போனாலும் வண்டியை நிறுத்த இடம் இருந்தது. கவுனீச்சி பள்ளத்தாக்கு அகலமான புல்வெளி, அதன் நடுவே சிற்றோடை மாதிரி ஓடுவதுதான் கொலராடோ ஆறு. கிராண்ட் கேன்யனைக் குடைந்த அதே ஆறு இங்கே குழந்தை மாதிரி நெளிந்து போவதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. கயோட்டி வேலி பாதை அதன் கரையோரமாகப் போய்த் திரும்ப ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர், ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆடம்ஸ் அருவிக்குப் போக அரை கிலோமீட்டர், அருவியைத் தாண்டி ஈஸ்ட் இன்லெட் பாதையில் இன்னும் சற்று நடந்தால் ஓடை வளைந்து ஓடும் புல்வெளி விரியும், எதிரே மலைகள்.

மேற்கில் நாங்கள் பெரும்பாலும் சேர்ந்தே நடந்தோம். கிழக்கில் என் வேகமும் அவர் வேகமும் வேறு வேறு, பாதி நேரம் நான் மேலே, அவர் கீழே. இங்கே பாதை தட்டையாக இருப்பதால் பேசிக்கொண்டே போக முடிந்தது, ஓர் இடத்தில் நின்றால் இருவரும் நின்றோம். விடுமுறை எதற்கு என்று கேட்டால் எனக்கு இதுதான் முக்கியம். அதேசமயம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், கிழக்கில் போல ஒரு மணி நேர நடையில் பாறைச்சுவரின் அடியில் போய் நிற்கிற அனுபவம் மேற்கில் சுலபத்தில் கிடைக்காது. உயரமான ஏரிகள் இங்கேயும் உண்டு, ஆனால் தூரம் அதிகம். லோன் பைன் ஏரிக்கு ஒரு பக்கமே கிட்டத்தட்ட 9 கிலோமீட்டர்.

இன்னொன்று, 2020 அக்டோபரில் ஈஸ்ட் ட்ரபிள்சம் என்ற காட்டுத்தீ மேற்குப் பகுதியை எரித்துக்கொண்டு வந்து மலைமுகட்டையே தாண்டிக் கிழக்கே போனது. கிராண்ட் லேக் பக்கம் பல பாதைகளில் கருகிய மரங்கள் வரிசை வரிசையாக நிற்கும். நிழல் இல்லை, காற்று பலமாக அடித்தால் பட்ட மரம் விழும் ஆபத்தும் உண்டு. பச்சைக் காட்டை எதிர்பார்த்துப் போகிறவருக்கு ஏமாற்றமாக இருக்கும். எங்களுக்கு அந்தக் கரிய தண்டுகளுக்கு நடுவே முளைத்திருந்த பூச்செடிகளைப் பார்த்துக்கொண்டே நிற்கத் தோன்றியது.

விலங்குகளைப் பார்க்க வேண்டுமா? எல்க் மான்களுக்குக் கிழக்கு, மான் இனத்திலேயே மிகப் பெரிய மூஸுக்கு மேற்கு. செப்டம்பர் முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை மொரெய்ன் பார்க் புல்வெளியில் ஆண் எல்க் கத்தும் சத்தம் மாலையில் கேட்கும், அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து புல்லாங்குழல் போல மெல்லிய கூவல். மூஸ் கவுனீச்சியின் ஓடையோரப் புதர்களில் நிற்கும், நாங்கள் அதிகாலையில் தாயையும் குட்டியையும் பார்த்தோம். எல்க்கிடமிருந்து 23 மீட்டர், மூஸிடமிருந்து 36 மீட்டர் தள்ளி நிற்கச் சொல்கிறது பூங்கா. மூஸ் விஷயத்தில் தயவுசெய்து இன்னும் கூடவே தள்ளி நில்லுங்கள், குட்டி கூட இருந்தால் அது பாய்ந்து வரும்.

இரண்டு பக்கத்தையும் இணைப்பது 1932ல் திறந்த ட்ரெயில் ரிட்ஜ் சாலை. மொத்தம் 77 கிலோமீட்டர், அதில் ஏறக்குறைய 18 கிலோமீட்டர் மரமே முளைக்காத உயரத்தில் போகிறது, உச்சிப் புள்ளி 3,713 மீட்டர். இறங்கி நின்றால் காலடியில் விரல் நகம் அளவுப் பூக்கள், பாறை இடுக்கில் மர்மோட் என்ற பெரிய மலை அணில். மேற்கே இறங்கும்போது மில்னர் கணவாய் வரும், அங்கிருந்து ஒரு பக்கத்துத் தண்ணீர் அட்லாண்டிக்குக்கும் மறுபக்கத்துத் தண்ணீர் பசிபிக்குக்கும் பிரிகிறது. முதல் பயணத்தில் எஸ்டஸ் பார்க்கிலிருந்து போய் அதே நாளில் அதே வழியாகத் திரும்பி வந்தோம், மாலையில் இருவருக்கும் தலைவலி, திரும்பி வரும் வழியில் எதையும் ரசிக்கவில்லை. இந்தச் சாலையை ஒரே திசையில், நாள் முழுக்க எடுத்துக்கொண்டு, நின்று நின்று கடக்க வேண்டும். பூங்காவுக்குள் பெட்ரோல் கிடைக்காது, தொட்டியை நிரப்பிக்கொண்டு ஏறுங்கள். கோடையிலும் மேலே ஜாக்கெட் வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் பிற்பகலில் இடி மின்னல் அடிக்கடி வரும், மரமில்லாத வெளியில் ஒதுங்க இடமே இருக்காது, ஆகவே உயரமான இடங்களில் நடப்பதை நண்பகலுக்குள் முடித்துக்கொண்டு இறங்கிவிட வேண்டும்.

உயரம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு எந்த ஊரில் முதலில் தங்குவது என்பதும் முக்கியம். எஸ்டஸ் பார்க் ஏறக்குறைய 2,290 மீட்டர், கிராண்ட் லேக் 2,550 மீட்டர். வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, ஆனால் விமானத்திலிருந்து இறங்கிய முதல் இரவு கிராண்ட் லேக்கில் என் கணவருக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை, எஸ்டஸ் பார்க்கில் அந்தத் தொல்லை இருக்கவில்லை. டென்வர் விமான நிலையத்திலிருந்தும் எஸ்டஸ் பார்க்தான் பக்கம், ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். கிராண்ட் லேக்குக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல், வழியில் 3,446 மீட்டர் உயர பெர்த்தவுட் கணவாயையும் தாண்ட வேண்டும். கடை, உணவகம், விடுதி எல்லாம் எஸ்டஸ் பார்க்கில் தாராளம். கிராண்ட் லேக் சின்ன ஊர், ஆனால் ஊரை ஒட்டியே கொலராடோவின் மிகப்பெரிய இயற்கை ஏரி கிடக்கிறது, இரவு உணவுக்குப் பிறகு கரையில் நடக்கலாம்.

மூன்று இரவுதான் கையில் இருக்கிறது, முதல் முறை போகிறீர்கள் என்றால் எஸ்டஸ் பார்க். பேர் லேக் பாதையைப் பார்க்காமல் திரும்பக் கூடாது. இரண்டாம் முறை என்றாலோ, கூட்டத்தைக் கண்டாலே உங்களில் ஒருவருக்கு மனம் சோர்ந்துவிடும் என்றாலோ, தயங்காமல் கிராண்ட் லேக். அக்டோபர் நடுப்பகுதியிலிருந்து மே கடைசி வரை ட்ரெயில் ரிட்ஜ் சாலை பெரும்பாலும் மூடியிருக்கும், அப்போது ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக மலையையே சுற்ற வேண்டும், அந்த மாதங்களில் நான் கிழக்கோடு நிறுத்திக்கொள்வேன். ஐந்து இரவு கிடைத்தால் எஸ்டஸ் பார்க்கில் மூன்று, கிராண்ட் லேக்கில் இரண்டு, நடுவில் பெட்டி மாற்றும் நாளே ட்ரெயில் ரிட்ஜ் நாள். ஊருக்குத் திரும்பும்போது பெர்த்தவுட் கணவாய் வழியாக டென்வர் போய்விடலாம், வந்த வழியிலேயே திரும்ப வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் நாங்கள் அப்படித்தான் போகப் போகிறோம்.