கட்டிங் டேபிளில் ஒரு ஃபிளிப் போன்

"அக்கா, மடக்கி மடக்கி உடைஞ்சிடாதா?" அளவு கொடுக்க வருகிற பெண்களில் பாதிப் பேர் இதைக் கேட்டுவிட்டுத்தான் கையைத் தூக்குகிறார்கள். என் போன் சாம்சங் கேலக்சி இசட் ஃபிளிப் 5, மின்ட் நிறம். கம்பெனிக்காரர்கள் கீலை 2 லட்சம் தடவை மடக்கிச் சோதித்ததாகச் சொல்கிறார்கள். நாளைக்கு நூறு தடவை திறந்து மூடினாலும் ஐந்து வருஷத்துக்கு மேல் கணக்கு வருகிறது. அதனால் கீலைப் பற்றி எனக்குக் கவலை கிடையாது. எனக்குப் பயமெல்லாம் குண்டூசிதான்.

ஈரோட்டில் பிளவுஸ் தைக்கும் கடை வைத்திருக்கிறேன். தையலும் ஆரி வேலையும். டேபிள் மேல் குண்டூசி, சாக்பீஸ் தூள், ஓவர்லாக் மிஷின் துப்பும் நூல் பிசிறு எல்லாம் எந்நேரமும் கிடக்கும். இப்படிப்பட்ட இடத்தில் மடக்கு போன் வைத்திருப்பது எப்படி என்று யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. சரி, நாமே எழுதுவோம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் அந்த ஊசி விஷயம். மூடினால் இரண்டு பாதியும் இறுக ஒட்டிக்கொள்வதற்காக போனுக்குள் காந்தம் வைத்திருக்கிறார்கள். டேபிளில் கிடக்கிற குண்டூசி, ஹூக்கு எல்லாம் அந்த ஓரத்தில் போய்ப் பிடித்துக்கொள்ளும். உள்திரை மிக மெல்லிய கண்ணாடி, அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் படலம். நகத்தால் அழுத்திக் கீறினாலே தடம் விழும் என்கிற அளவுக்கு மென்மை. நடுவில் ஓர் ஊசியை வைத்து மூடினால் கதை முடிந்தது. அதனால் மூடுவதற்கு முன் கட்டைவிரலால் ஓரத்தை ஒருமுறை வழித்துவிடுவேன். இப்போது அது கையின் பழக்கமாகிவிட்டது, யோசித்துச் செய்வதில்லை. பக்கத்திலேயே பென்சில் பவுச்சில் ஒரு மேக்கப் பிரஷ் வைத்திருக்கிறேன். மடிப்பில் பிசிறு சேர்ந்தால் அதால் தட்டிவிடுவேன். ஊதக் கூடாது, எச்சில் ஈரத்தோடு பிசிறு இன்னும் உள்ளே போகும்.

இந்த மாடலுக்கு ஐபிஎக்ஸ்8 தரச்சான்று உண்டு. அந்த 8 தண்ணீருக்கு. நடுவில் இருக்கிற எக்ஸ், தூசிக்குச் சான்று எதுவும் வாங்கவில்லை என்று அர்த்தம். மழையில் நனைந்தால் பயப்பட வேண்டாம், மணலில் விழுந்தால்தான் பயப்பட வேண்டும் என்று புரிந்துகொள்ளுங்கள்.

இவ்வளவு பயமுறுத்திவிட்டு ஏன் வைத்திருக்கிறேன் என்றால், இதைப் பாதி மடக்கி டேபிளில் நிற்க வைக்கலாம். ஸ்டாண்ட் வேண்டாம், டப்பாவில் சாய்த்து வைக்க வேண்டாம். லேப்டாப் மாதிரி பாதி திறந்த நிலையில் விட்டால் அப்படியே நிற்கும். பெங்களூரில் இருக்கும் வாடிக்கையாளர்கள் துணியைக் கூரியரில் அனுப்பிவிட்டு வீடியோ காலில் வருவார்கள். போனை நிற்க வைத்துவிட்டு இரண்டு கையாலும் துணியை விரித்து, "பார்டரைக் கைக்கு வைக்கவா, முதுகுக்கு வைக்கவா" என்று மடித்துக் காட்டலாம். முன்பெல்லாம் ஒரு கையில் போன், ஒரு கையில் பட்டு, வாயில் ஊசி. நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

டிரையல் பார்க்கும்போது இன்னொரு வசதி. பின்பக்கக் கேமராவில் எடுக்கும்போது, எடுக்கப்படுகிறவருக்கும் வெளித்திரையில், அதாவது போனின் வெளிப்பக்கம் இருக்கிற சின்னத் திரையில், தன் உருவம் தெரியும்படி வைக்கலாம். கை தூக்கினால் அக்குளில் சுருக்கம் விழுகிறதா, தோள் இறங்குகிறதா என்று அவரே பார்த்துச் சொல்லிவிடுகிறார். பின் கழுத்து டிசைனுக்கு அவரைத் திரும்பி நிற்கச் சொல்லி ஒரு படம். கண்ணாடி முன் கழுத்தைத் திருகிக்கொண்டு நிற்கிற வேலை இல்லை. தனியாக எடுப்பதென்றால் போனை நிற்க வைத்துவிட்டு உள்ளங்கையைக் காட்டினால் போதும், சில விநாடியில் தானே கிளிக் ஆகும்.

அடுத்தது வெளித்திரை. இதற்கு முந்தைய ஃபிளிப் 4-ல் 1.9 அங்குலம்தான், நேரம் பார்க்கலாம், அவ்வளவுதான். 2023-ல் வந்த இந்த 5-ல் அதை 3.4 அங்குலமாக்கினார்கள். ஆனால் பெட்டியிலிருந்து எடுத்தபடியே வைத்திருந்தால் விட்ஜெட்டுகளும் (வானிலை, அலாரம் போன்ற சின்னக் கட்டங்கள்), செட்டிங்ஸில் லேப்ஸ் என்ற பகுதிக்குள் போய் அனுமதித்தால் வாட்ஸ்அப், மேப்ஸ், யூடியூப் போல ஒரு சில ஆப்களும் மட்டும்தான் அதில் திறக்கும். பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். கேலக்சி ஸ்டோரில் குட் லாக் என்று சாம்சங்கின் ஆப் ஒன்று இருக்கிறது, இலவசம். அதற்குள் மல்டிஸ்டார் என்ற பகுதியை இறக்கிக்கொண்டால், வேண்டிய ஆப்பையெல்லாம் வெளித்திரையில் அடுக்கலாம். நான் வைத்திருப்பது கால்குலேட்டர், குறிப்பேடு, காலண்டர், வங்கி ஆப். டெலிவரி தேதி கேட்டால் போனைத் திறக்காமலே பார்த்துச் சொல்வேன். பணம் வந்ததா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

பணம் அனுப்புவதற்கு மட்டும் திறந்தே ஆக வேண்டும். வெளித்திரையும் பின் கேமராவும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. கடையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டைக்குக் கேமராவைக் காட்டினால் திரையும் அந்தப் பக்கம் திரும்பிவிடும். நாம் எதைப் பார்ப்பது? வெளித்திரையிலேயே யுபிஐ முழுக்க நடக்கும் என்று விளம்பரம் செய்கிற வீடியோக்காரர்கள் லைனிங் துணிக்கடை வரிசையில் நின்று ஒருமுறை ஸ்கேன் செய்து பார்க்கட்டும்.

தமிழில் டைப் செய்வதும் அதில் சரிப்படாது. எழுத்துகள் எள்ளுப் போல இருக்கும். நான் வாய்ஸ் மெசேஜ் அனுப்பிவிடுகிறேன்.

திறந்தால் அது ஒரு சாதாரண நல்ல ஃபோன். 6.7 அங்குலத் திரை, ஸ்னாப்டிராகன் 8 ஜென் 2 சிப், வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நடுவில் மடிப்புக் கோடு விரலுக்குத் தட்டும், வெளிச்சம் சாய்வாக விழுந்தால் கண்ணுக்கும் தெரியும். இரண்டு பின் கேமராவும் 12 மெகாபிக்சல். தூரத்தில் இருப்பதை இழுத்து எடுக்கத் தனி லென்ஸ் கிடையாது. ஆரி வேலையின் கண்ணாடி, ஜர்தோசி எல்லாம் கிட்டத்தில் வைத்து எடுத்தால் நன்றாகவே வருகிறது, மண்டபத்தில் மேடையைக் கடைசி வரிசையிலிருந்து எடுக்க ஆசைப்படாதீர்கள்.

பேட்டரி 3,700 எம்ஏஎச். முகூர்த்த மாதத்தில் நாள் முழுக்க வீடியோ கால் என்றால் சாயங்காலத்துக்குள் சார்ஜரைத் தேட வேண்டியிருக்கும். சார்ஜ் ஏறுவதும் 25 வாட் வேகத்தில்தான், அடாப்டரைத் தனியாக வாங்க வேண்டும். வெளித்திரையிலேயே சின்ன வேலைகளை முடித்துக்கொள்ளப் பழகினால் பேட்டரி கொஞ்சம் தாங்கும். என்னைக் கேட்டால் இந்த போனை நன்றாக வைத்துக்கொள்வது என்பது, பாதி நேரம் திறக்காமல் இருப்பதுதான்.

மூடினால் 85-க்கு 72 மில்லிமீட்டர், எடை 187 கிராம். தடிமன் 15.1 மில்லிமீட்டர், 2004-ல் வந்த மோட்டோரோலா ரேசர் என்ற பழைய மடக்கு போன் மூடியிருக்கும்போது 13.9 தான். சித்தப்பா துபாயிலிருந்து அதைக் கொண்டுவந்தபோது தெருவே வாங்கிப் பார்த்தது. பேசி முடித்துப் பட்டென்று மூடினால் கால் கட்டாகிற சுகம் அதிலும் உண்டு, இதிலும் உண்டு. கோபமாகப் பேசுகிற வாடிக்கையாளர் என்றால் அந்தச் சத்தத்தில் ஒரு திருப்தி.

என் சுடிதார் டாப் எல்லாவற்றிலும் இதற்கென்று பாக்கெட் வைத்துத் தைத்திருக்கிறேன். நாலரை அங்குல அகலம், ஐந்து அங்குல ஆழம், வலது பக்கத் தையலோடு சேர்த்து. காட்டன் லைனிங் போடாதீர்கள், பிசிறு விடும். கிரேப் துணி போடுங்கள். கைப்பிடி வளையம் வைத்த கவரும் வேண்டும், இல்லையென்றால் ஒரு கையால் திறக்கும்போது வழுக்கும். உள்திரையின் பிளாஸ்டிக் படலத்தை எக்காரணம் கொண்டும் நீங்களே உரிக்காதீர்கள். ஓரம் தூக்கிக்கொண்டால் அதிகாரப்பூர்வ சர்வீஸ் சென்டரில்தான் மாற்ற வேண்டும். மூலைக் கடையில் "நான் ஒட்டித் தர்றேன்" என்பார்கள், கேட்காதீர்கள்.

வெளிவந்தபோது இதன் ஆரம்ப விலை 99,999 ரூபாய். அந்த விலைக்கு நான் வாங்கியிருக்க மாட்டேன், அடுத்த மாடல் வந்து விலை இறங்கிய பிறகுதான் வாங்கினேன். இப்போது செகண்ட் ஹேண்டில் பார்க்கிறவர்கள் ஒன்றைக் கணக்கில் வையுங்கள்: பாதுகாப்பு அப்டேட் 2023-லிருந்து ஐந்து வருஷம்தான் என்று சொல்லியிருக்கிறார்கள். திறந்து, மடிப்பின் இரண்டு ஓரத்திலும் படலம் தூக்கியிருக்கிறதா, வெள்ளைத் திரையில் கோடு ஏதும் ஓடுகிறதா என்று பாருங்கள். பாதியில் விட்டால் நிற்கிறதா, தொங்கிச் சாய்கிறதா என்றும் பாருங்கள்.

பணம் இருக்கிறவர்கள் ஃபிளிப் 7 பார்க்கலாம். வெளித்திரை 4.1 அங்குலம், பேட்டரி 4,300. ஃபிளிப் 6 முதல் தூசிக்கும் சான்று வாங்கி ஐபி48 ஆக்கிவிட்டார்கள். அந்த 4 என்பது ஒரு மில்லிமீட்டரைவிடப் பெரிய துகள்களுக்குத்தான். ஓவர்லாக் பிசிறு அந்தக் கணக்கிலேயே வராது. ஆகவே எதை வாங்கினாலும் மேக்கப் பிரஷ் செலவு தனி.