குன்னூரில் வாங்கிய விளக்குமீன் பொம்மைகள்: ஆறு மாதம் கழித்து எழுதுகிறேன்

போன மே மாதம் குன்னூரில், பெட்ஃபோர்டிலிருந்து கொஞ்சம் மேலே ஏறினால் வரும் ஒரு சின்ன பொம்மைக் கடையில் இந்த விளக்குமீன் பெட்டியை வாங்கினேன். உள்ளே நான்கு மீன்கள். ரெசினில் வார்த்து, கையால் சாயம் பூசி, வயிற்றில் இருட்டில் ஒளிரும் புள்ளிகள் வைத்தது. தொங்கவிட நூல், ஒரு விளக்கத்தாள். விலை 1,450 ரூபாய். வாங்கின வாரமே எழுதியிருக்கலாம், ஆனால் இந்த ஊரில் எந்தப் பொருளையும் ஐப்பசி கார்த்திகை அடைமழையில் பார்த்துவிட்டுத்தான் நல்லது கெட்டது சொல்ல வேண்டும். இப்போது பார்த்தாயிற்று.

முதலில் ஏன் வாங்கினேன் என்பதைச் சொல்கிறேன். ஆழ்கடல் மீன் பொம்மை என்றாலே எல்லாக் கடையிலும் ஒரே மீன்தான்: பெரிய வாய், ஊசிப் பல், நெற்றியில் தூண்டில் மாதிரி ஒரு விளக்கு. அது அபூர்வமான மீன். கடலில் உண்மையிலேயே கூட்டம் கூட்டமாக இருப்பது இந்த விளக்குமீன்கள்தான். மிக்டோஃபிடே என்ற குடும்பம், சுமார் 250 இனங்கள், ஏறக்குறைய எல்லாப் பெருங்கடலிலும் உண்டு. சூரை மீன், கணவாய், டால்பின், தெற்கே இருக்கும் ராஜா பென்குவின் எல்லாம் இதைத் தின்றுதான் வாழ்கின்றன. நம் அரபிக்கடலிலும் ஏராளம். கொச்சிப் பக்கம் ஆழ்கடல் இறாலுக்கு வலை இழுக்கும்போது இதுவும் சேர்ந்து வரும். இவ்வளவு முக்கியமான மீனுக்கு ஒரு பொம்மை கிடையாதா என்று ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கும் எனக்கு ரொம்ப நாளாகவே ஆதங்கம். அதனால் கடைக் கண்ணாடிக்குள் பார்த்ததும் உள்ளே போய்விட்டேன்.

மீன்கள் உயிர் அளவிலேயே இருக்கின்றன, சின்னது 5 செ.மீ., பெரியது 12 செ.மீ. இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பெட்டியைத் திறந்ததும் அக்கா பையன், ஒன்பது வயது, "சித்தி, நெத்திலி மாதிரி இருக்கே!" என்றான். சரியாகச் சொன்னான். இந்தக் குடும்பத்தில் பெரும்பாலானவை 15 செ.மீ.க்குள் அடங்கிவிடும். விற்க வேண்டும் என்பதற்காக அதை முழ நீளத்துக்குச் செய்து பல் வைக்காமல், செய்தவர் நெத்திலி அளவிலேயே விட்டிருக்கிறார் பாருங்கள், அதற்கே காசு கொடுக்கலாம்.

பெரிய மீனைக் கையில் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேலைப்பாடு தெரியும். தலைக்குப் பொருத்தமில்லாத அளவுக்குப் பெரிய கண். வயிற்றின் ஓரமாகச் செவுளிலிருந்து வால்வரை முத்துப் பொத்தான் தைத்த மாதிரி வரிசையாகப் புள்ளிகள், ஒவ்வொன்றும் குண்டூசித் தலை அளவு, ஒவ்வொன்றையும் சுற்றி மெல்லிய கறுப்பு வளையம், மேலே ஒரு சொட்டுத் தெளிவான பிசின். அந்தச் சொட்டு அழகுக்கு வைத்தது இல்லை. நிஜ மீனில் ஒவ்வொரு ஒளிப்புள்ளியும் ஒரு சின்னக் கிண்ணம், பின்னால் ஒளியைத் திருப்பும் படலம், முன்னால் தடித்த ஒரு செதில் லென்ஸ் மாதிரி மூடியிருக்கும். அதைத்தான் வைத்திருக்கிறார். நான்கு மீனிலும் புள்ளி வரிசை வேறு வேறாக இருக்கிறது, அதுவும் சரி, இந்தப் புள்ளிகளின் அமைப்பை வைத்துத்தான் இனத்தையே பிரித்துச் சொல்கிறார்கள்.

கடைக்காரர் வயதானவர், அவரே செய்கிறார். நான் மீனைப் பக்கவாட்டில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, "டீச்சர், அப்படிப் பார்க்காதீங்க, தலைக்கு மேலே தூக்கிக் கீழே இருந்து பாருங்க" என்றார். வீட்டுக்கு வந்த பிறகுதான் அதன் அருமை புரிந்தது. எங்கள் வீட்டுக் கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு உண்டு. அதற்கு நேர் கீழே பெரிய மீனைத் தொங்கவிட்டேன். பகலில் படுத்துக்கொண்டு பார்த்தால் வெளிச்சத்துக்கு முன்னால் கறுப்பாக ஒரு மீன், ஓரம் கத்தரித்த மாதிரி தெளிவாகத் தெரியும். ஆழத்தில் கீழே இருந்து வேட்டையாடுகிற மீனுக்கும் இரை இப்படித்தான் நிழலாகத் தெரிகிறது. சாயங்காலம் டார்ச்சைக் கீழே இருந்து ஐந்து நிமிடம் அடித்து வயிற்றுப் புள்ளிகளுக்கு ஒளி ஏற்றிவிட்டு, லைட்டை அணைத்துவிட்டு நானும் அக்கா பையனும் பாயில் படுத்துக்கொண்டோம். ஓட்டு வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. ஒரு கட்டத்தில் அந்த வெளிச்சமும் வயிற்றின் ஒளியும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு வந்தபோது மீனின் ஓரம் கரைந்துவிட்டது, ஐந்து நிமிடம் இருக்கும், அங்கே ஏதோ இருக்கிறது என்று தெரிகிறது, ஆனால் எது வயிறு எது வானம் என்று சொல்ல முடியவில்லை. அப்புறம் இருட்டிவிட்டது, புள்ளிகள் மட்டும் தனியாக மின்னின. வயிற்றில் விளக்கு வைத்துக்கொண்டு ஒளிந்துகொள்வது எப்படி என்று வகுப்பில் நான் பலமுறை கரும்பலகையில் படம் போட்டிருக்கிறேன், அந்த ஐந்து நிமிடம் செய்ததை அந்தப் படங்கள் செய்ததே இல்லை.

அன்றைக்கே விளக்கத்தாளையும் வாசித்தோம். பல இனங்கள் பகலில் 300 முதல் 1,200 மீட்டர் ஆழத்தில் இருக்கும், பொழுது சாய்ந்ததும் மிதவை உயிர்களைத் தின்ன மேலே ஏறி 100 மீட்டருக்குள் வந்துவிடும், விடிவதற்குள் இறங்கிவிடும். "தினமும் கல்லாறுல இருந்து குன்னூர் வரைக்குமா சித்தி?" என்றான். அவ்வளவு இல்லை, மலை ரயில் பாதையில் நடுவில் வரும் ஹில்குரோவ் வரைக்கும் என்று வைத்துக்கொள் என்றேன். ரயிலே பல்சக்கரம் பிடித்து ஏறுகிற உயரத்தை இரண்டங்குல மீன் தினமும் ஏறி இறங்குகிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கப்பல்களின் சோனாரில் (ஒலி அனுப்பி, எதிரொலியை வைத்து ஆழம் பார்க்கும் கருவி) கடல் தரை மாதிரி ஒரு அடுக்கு தெரிந்து, ராத்திரியானால் மேலே எழும்பியது. அந்த அடுக்கில் பெரும் பங்கு இந்த மீன்களின் காற்றுப்பைகள் எதிரொலித்ததுதான். இதையும் தாளில் நன்றாக எழுதியிருக்கிறார்.

இனி குறைகள்.

ஒளி பச்சை. நிஜத்தில் நீலம், ஏனென்றால் கடல்நீரில் நீலம்தான் அதிக தூரம் போகும். கேட்டதற்குப் பச்சைச் சாயம்தான் பிரகாசமாகவும் நெடுநேரமும் நிற்கிறது என்றார், உண்மைதான். ஆனாலும் தாளில் ஒரு வரி சொல்லியிருக்கலாம். வால்பக்கம் இருக்கும் பெரிய விளக்கு நான்கிலும் மேல்பக்கமே இருக்கிறது. பல இனங்களில் ஆணுக்கு மேலே, பெண்ணுக்குக் கீழே. இரண்டை மாற்றிச் செய்திருந்தால் ஜோடி கிடைத்திருக்கும், செலவும் கூடியிருக்காது.

பெரிய பிழை தாளில் இருந்தது: ஒளியைப் பாக்டீரியா உண்டாக்குவதாகப் போட்டிருந்தார். அது தூண்டில் மீனின் கதை. விளக்குமீன் தன் செல்களிலேயே ரசாயன மாற்றத்தால் ஒளியை உண்டாக்குகிறது. பிள்ளைகள் வாசிக்கிற தாள் என்பதால் மனசு கேட்கவில்லை, போய்ச் சொன்னேன். உட்கார வைத்துப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அடுத்த முறை போனபோது அடுக்கியிருந்த பெட்டி ஒவ்வொன்றிலும் அந்த வரியைப் பேனாவால் அடித்துத் திருத்தி எழுதி வைத்திருந்தார்.

கடைசியாக நூல். பருத்தி நூல் கொடுத்திருக்கிறார், நம் ஊர் ஈரத்துக்கு அது சரிப்படாது. அக்டோபர் கடைசியில் பூசணம் பிடித்து இற்றுப்போய், நடுராத்திரி மீன் கீழே விழுந்து முதுகுத் துடுப்பு உடைந்தது. எடுத்துக்கொண்டு போனேன், காசு வாங்காமல் ஒட்டிச் சாயமும் பூசிக் கொடுத்தார், ஒட்டிய இடம் தெரியவில்லை. ரெசினுக்கும் சாயத்துக்கும் மழையில் ஒன்றும் ஆகவில்லை.

பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கும் பள்ளி ஆய்வகத்துக்கும் தாராளமாக வாங்கலாம். பாக்டீரியா வரி திருத்திய பெட்டிதானா என்று பார்த்து எடுங்கள். மார்க்கெட்டில் இருபது ரூபாய்க்குத் தங்கூஸ் நரம்பு கிடைக்கும், அதிலேயே தொங்கவிடுங்கள், கண்ணுக்கும் தெரியாது. செவ்வாய்க்கிழமை கடை லீவு.