64,000 ரூபாவுக்குப் பழைய வினாத்தாள்: செக்பொயின்ற் வகுப்புத் தேடும் பெற்றோர் கவனத்திற்கு

முழு விபரமும் நேற்று மாலைதான் எனக்குத் தெரிய வந்தது. இரவு முழுவதும் தூக்கமில்லை. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் பிள்ளைக்கு வகுப்புத் தேடும் பெற்றோர் ஒருவராவது இதை வாசித்துவிட்டுப் பணம் கட்டாமல் திரும்பி வந்தால் போதும். ஒரு வகுப்பில் சேர்க்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

என் மகள் சர்வதேசப் பாடசாலையொன்றில் 6ஆம் ஆண்டு படிக்கிறாள். ஆரம்பப் பிரிவு முடியும்போது கேம்பிரிட்ஜ் செக்பொயின்ற் எழுத வேண்டும். ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம் என்று மூன்று பாடங்கள். வகுப்பில் எல்லாத் தாய்மாரும் அதைப் பற்றியே பேசினார்கள். எனக்கும் பயம் பிடித்தது. அந்த நேரம் பார்த்து வட்ஸ்அப் குழுவில் ஒரு விளம்பரம் வந்தது: 'ஒரு வகுப்பில் நான்கு பிள்ளைகள் மட்டும். கடந்தகால வினாத்தாள்கள் அனைத்தும் வழங்கப்படும்.'

காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மாடிக் கட்டடத்தில் நடக்கும் ரியூசன் நிலையம் அது. பெயரை எழுதப் போவதில்லை. அதை நடத்துபவர் மகளுக்கு முன்னால் ஒரு தாளை வைத்தார். ஒரு வகுப்பில் 30 பிள்ளைகள், ஐந்தில் இரண்டு பங்கினர் பஸ்ஸில் வருகிறார்கள், பஸ்ஸில் வராதவர்கள் எத்தனை பேர் என்பது கேள்வி. மகள் 12 என்று எழுதினாள். அவர் சிவப்புப் பேனையால் 'வராதவர்கள்' என்ற சொல்லை மெதுவாக வட்டமிட்டார். "கணக்கு உனக்கு நன்றாகத் தெரியும் பிள்ளை. கேள்வியைக் கடைசிவரை வாசிக்கவில்லை, அவ்வளவுதான்" என்றார். மகள் தாளை இழுத்து 18 என்று எழுதிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பில்தான் நான் விழுந்தேன். ஆறு வருடமாக ஒருவரும் கண்டுபிடிக்காத குறையை இந்த மனிதர் ஐந்து நிமிடத்தில் பிடித்துவிட்டாரே என்று நினைத்தேன். 16 வகுப்புகளுக்கு 48,000, வினாத்தாள்களுக்கு 16,000. மொத்தம் 64,000 ரூபா, முற்பணமாக. "இடம் ஒன்றுதான் மிச்சம் இருக்கிறது" என்றார். அங்கேயே நின்று கைத்தொலைபேசியால் அவருடைய சொந்தக் கணக்கிற்கு அனுப்பினேன். பற்றுச்சீட்டுக் கேட்கவில்லை. இரண்டு நாளில் மகளின் பலம், பலவீனம் எல்லாம் எழுதிய அறிக்கை ஒன்று வந்தது. அதைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்தேன்.

முதல் நாளே வகுப்பில் 14 பிள்ளைகள் இருந்தார்கள். கற்பித்தவர் அவர் அல்ல. உயர்தரம் முடித்துவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் ஒரு தம்பி. பிழைக்குச் சரி போடுகிறார், சரியைப் பிழை என்கிறார். ஐந்து வகுப்பு நடந்தது. ஆறாவது நாள் கதவு பூட்டிக் கிடந்தது.

வினாத்தாள் கட்டை வகுப்பு ஆசிரியையிடம் காட்டினேன். அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். அடியில் இருக்கும் குறியீட்டை வெள்ளை மையால் மறைத்துப் பிரதி எடுத்திருந்தார்கள். ஒரு பக்கத்தில் மட்டும் மறைக்க மறந்துவிட்டார்கள். அங்கே 0845 என்று இருந்தது. "இது பழைய கணிதப் பாடத்திட்டம். இப்போது 0096. இதில் இருக்கும் மனக்கணக்குத் தாளே இப்போது இல்லை" என்றார் ஆசிரியை. அதோடு, செக்பொயின்ற் வினாத்தாள்களைக் கேம்பிரிட்ஜ் பதிவு பெற்ற பாடசாலைகளுக்கே கொடுக்கிறது, தேவையானதைப் பாடசாலையே பிள்ளைகளுக்குச் செய்விக்கும் என்றும் சொன்னார். இந்தப் பரீட்சையில் சித்தி, சித்தியின்மை என்று ஒன்றும் கிடையாதாம். பிள்ளை எதில் தேர்ச்சி, எதில் தடுமாற்றம் என்று காட்டும் அறிக்கைதான் வருமாம். நான் 64,000 ரூபா கொடுத்து வாங்கிய அதே அறிக்கை!

பணத்தைக் கேட்டேன். அலுவலகப் பெண், "சேர் கண்டிக்குப் போயிருக்கிறார் அக்கா" என்றாள். மறுநாள் "கூட்டத்தில் இருக்கிறார் அக்கா." அடுத்த நாளும் அதே பதில். என் செய்திகளை எல்லாம் அவர் வாசித்திருக்கிறார். நீல நிறத்தில் சரி அடையாளம் விழுந்திருக்கிறது. கடைசியில் ஒரு குரல் பதிவு அனுப்பினார்: "பிள்ளைக்கு வீட்டில் பயிற்சி போதாது. இன்னும் 8,000 கட்டினால் தனி வகுப்பில் போட்டுத் தருகிறேன்." நான் பதில் எழுதுவதற்குள் என் இலக்கத்தைத் தடை செய்துவிட்டார். மகள் அந்தக் குரலைக் கேட்டுவிட்டாள். "நான் பயிற்சி செய்யாததாலா அம்மா காசு போனது?" என்று கேட்டாள். 64,000 ரூபாவை விட இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நேற்று மாலை எங்கள் தொடர்மாடியில் மேல்தளத்து அக்காவிடம் இதைச் சொல்லி அழுதேன். அவர் எழுந்து உள்ளே போய் ஒரு தாளை எடுத்து வந்தார். அவருடைய மகனும் அங்கேதான் படித்தானாம். அதே அறிக்கை, அதே வரிகள். 'கணக்குத் தெரியும், கேள்வியைக் கடைசிவரை வாசிப்பதில்லை.' பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். மூன்றாவது பந்தியில் அந்தப் பையனை 'அவள்' என்று எழுதியிருந்தது. அவனுக்குக் கொடுத்ததும் அதே 30 பிள்ளைகள், அதே பஸ் கணக்கு. அவனும் 12 என்றுதான் எழுதினானாம். அவசரத்தில் எந்தப் பிள்ளையும் 12 என்று எழுதக்கூடிய கேள்வியைத் தேடி எடுத்து வைத்திருக்கிறார் அந்த மனிதர்.

விரிவாக எழுதுவதாகச் சொன்னேன், இப்போது அதற்கு மனம் இல்லை. முழுப் பணத்தையும் ஒரே தடவையில் கட்டாதீர்கள். தனிநபர் கணக்கிற்குப் போடாதீர்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு ரூபாவும் கொடுக்காதீர்கள். வினாத்தாளின் குறியீட்டைப் பாருங்கள். முதலில் வகுப்பு ஆசிரியையிடம் கேளுங்கள், நான் கேட்காமல் போனேன்.

நாளைக் காலை நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்திற்கு அழைக்கப் போகிறேன். மேல்தளத்து அக்காவும் என்னோடு இருப்பார். அவர் கட்டியதும் 64,000 ரூபாதான்.