டேங்க் காயிலுக்கு வீட்டில் திரி மாற்றுவது: எதில் காசு மிச்சம், எதில் நேரம் வீண்

இ-சிகரெட் டேங்கின் காயிலில் (லிக்விட்டைச் சூடாக்கி ஆவியாக்கும் பாகம்) அடிப்பிடித்த பால் வாடை வந்துவிட்டதா? பெரும்பாலும் கெட்டது கம்பி இல்லை, அதோடு ஒட்டியிருக்கும் பஞ்சுத் திரி. கம்பி இன்னும் பல வாரம் தாங்கும், பஞ்சு தாங்காது. கடைக் காயிலில் இரண்டையும் ஒரே கூட்டுக்குள் அடைத்து விற்பதால், பஞ்சு கருகும்போது கம்பியையும் சேர்த்துக் குப்பையில் போடுகிறோம். வீட்டில் திரி மாற்றுகிறவர்கள் மிச்சம் பிடிப்பது இந்த இடத்தில்தான்.

முதலில் எல்லையைச் சொல்லிவிடலாம். இது பிரிட்டனில் இருப்பவர்களுக்கு. 2025 ஜூன் 1 முதல் அங்கே ஒருமுறை பயன்படுத்தி எறியும் வேப்களை விற்கத் தடை. எனவே காயில் மாற்றும் வகை டேங்குகள் மறுபடி பேச்சுக்கு வந்திருக்கின்றன. இந்தியாவில் 2019 சட்டப்படி இ-சிகரெட்டை விற்பது, இறக்குமதி செய்வது, இருப்பு வைப்பது எல்லாம் குற்றம். சிங்கப்பூரில் கையில் வைத்திருப்பதே குற்றம். ஊருக்குப் போகும் பெட்டியில் இதைப் போட்டுக்கொண்டு விமானம் ஏறாதீர்கள். சிகரெட் பழக்கமே இல்லாதவர்கள் இதைத் தொட வேண்டிய அவசியமும் இல்லை.

இங்கே சொல்வது 2 மி.லி. டேங்க், சிகரெட் போல வாயில் இழுத்துப் பிறகு உள்ளே விடும் வகை, பிஜி (புரொப்பிலீன் கிளைக்கால்), விஜி (தாவர கிளிசரின்) பாதிக்குப் பாதி கலந்த லிக்விட், 12 முதல் 16 வாட் வரையிலான ஓட்டம். பெரும்புகை விடும் 60, 80 வாட் டேங்குகளின் கணக்கு வேறு.

காயில் கெடுவதில் பெரிய பங்கு லிக்விட்டுடையது. இனிப்புக்காகச் சேர்க்கும் சுக்ரலோஸ் ஆவியாகிப் போகாது. கம்பியிலேயே தங்கிக் கருகும். பாகு கம்பிப் பதம் தாண்டி அடியில் பிடித்தால் பாத்திரம் என்ன ஆகுமோ அதேதான் இங்கேயும். கஸ்டர்டு, டோனட், மாம்பழ மில்க்ஷேக் மாதிரி லிக்விட்டில் கடைக் காயில் 4, 5 நாளில் கறுத்துவிடும். இனிப்பில்லாத புகையிலைச் சுவையோ மெந்தாலோ என்றால் அதே காயில் இரண்டு, மூன்று வாரம் ஓடும். காயில் அடிக்கடி போகிறது என்று அலுத்துக்கொள்பவர்கள் முதலில் மாற்ற வேண்டியது லிக்விட்டை.

கழுவி மறுபடி போடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். வெந்நீரில் ஊறவைத்து, ஊதி, ஒரு நாள் உலர்த்திப் போட்டால் இரண்டு நாள் சுமாராக இருக்கும், அவ்வளவுதான். பஞ்சின் கரிந்த பகுதி கழுவினால் வெளுக்காது. உள்ளே ஈரம் தங்கினால் முதல் பத்து இழுப்புக்குச் சூடான துளிகள் உதட்டில் தெறிக்கும். கழுவ வேண்டியது டேங்கைத்தான்: கண்ணாடி, மூடி, அடிப்பாகம், ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் ரிங்) எல்லாவற்றையும் பிரித்து, வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு அலசி, துணியில் பரப்பி உலரவிடுங்கள். ஓ-ரிங்கைத் திரும்பப் போடும்போது ஒரு சொட்டு லிக்விட் தடவுங்கள். வறண்ட ரிங் மடங்கிக்கொண்டால் அடுத்த நாள் சட்டைப்பை நனையும்.

கடைக் காயிலுக்குத் திரி மாற்றுவது

எல்லாக் காயிலுக்கும் இது நடக்காது. இப்போது வரும் மெஷ் காயில்களில் கம்பிக்குப் பதில் துளையிட்ட மெல்லிய தகடு இருக்கும். பஞ்சை உருவும்போதே அது நெளிந்துவிடும். நெளிந்த இடத்தில் மட்டும் சூடு ஏறிப் புதுப் பஞ்சையும் கருக்கும். காயிலும் டேங்கும் ஒன்றாக ஒட்டி மூடிய பாட் வகையையும் விட்டுவிடுங்கள். நடக்கக்கூடியது உருண்டைக் கம்பி சுற்றிய பழைய பாணிக் காயில்களுக்கு.

காங்கர் ஈவாட், ப்ரோடேங்க் காலத்துக் காயிலில் கம்பி படுக்கைவாக்கில் இருக்கும். மேலே இருக்கும் சிறு குழலைப் பிடுங்கி, பழைய திரியை உருவி, கம்பியை மெல்லச் சிவக்கவிட்டுச் சுத்தம் செய்து, ஒரு முனையைக் கூராகத் திரித்த பஞ்சைக் கோத்து, இருபக்கமும் கூட்டின் வெட்டோடு சமமாகக் கத்தரித்துக் குழலை அழுத்தினால் முடிந்தது. பத்து நிமிட வேலை.

சப்டேங்க் வகைக் காயிலில் கம்பி நெட்டுக்குத்தாக நிற்கும். பஞ்சு அதன் வெளிப்பக்கம் சட்டை போலச் சுற்றியிருக்கும். அடியில் நடு ஊசி, அதைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம். ஊசியை நகத்தாலோ சிறு குறடாலோ இழுத்து வளையத்தை எடுங்கள். கம்பியின் ஒரு கால் ஊசிக்கும் வளையத்துக்கும் நடுவே மாட்டியிருக்கும், மற்றது வளையத்துக்கும் கூட்டுக்கும் நடுவே. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கோளாறு எல்லாம் இங்கேயிருந்துதான் வரும். கம்பியை வெளியே எடுத்து, 1.5 மி.மீ. கனத்தில் பஞ்சுப் பட்டை ஒன்றை ஒரே சுற்றாகச் சுற்றி உள்ளே இறக்கி, கால்களைப் பழைய இடத்தில் மடக்கி, வளையம், ஊசி என்ற வரிசையில் அழுத்துங்கள்.

இரண்டு காலும் உரசினால் மோடில் (டேங்கை மாட்டும் பேட்டரிப் பெட்டி) ஷார்ட் என்று வரும். ஊசியை அளவுக்கு மீறி உள்ளே தள்ளியிருந்தால் காயிலே இல்லை என்று காட்டும். 1.5 ஓம் மின்தடை உள்ள காயில் ஒரு தடவை 1.5, அடுத்த தடவை 2.3 என்று குதித்தால் ஏதோ ஒரு கால் சரியாகப் பிடிக்கவில்லை.

இப்படி ஒரு காயிலை இரண்டு, மிஞ்சினால் மூன்று முறை ஓட்டலாம். அதற்குள் ரப்பர் வளையம் தளர்ந்து அடியில் கசியத் தொடங்கும். 5 காயில் பெட்டி ஏறக்குறைய 10 பவுண்டு, அதாவது ஒன்று 2 பவுண்டு. அந்த 2 பவுண்டுக்காக இருபது நிமிடம் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்காருவது எங்கள் கணக்குக்குக் கட்டுப்படியாகவில்லை. கடை மூடிய ஞாயிற்றுக்கிழமை இரவில் கைகொடுக்கும் என்பதற்காக மட்டும் தெரிந்துவைத்துக்கொள்ளலாம்.

ஆர்டிஏ: திரி மாற்றவே செய்த டேங்க்

இந்த வேலைக்குப் பொருத்தம் ஆர்டிஏதான் (ரீபில்டபிள் டேங்க் அட்டமைசர்). கம்பியை நாமே சுற்றி, திருகில் மாட்டி, பஞ்சு வைக்கும் டேங்க். 25, 30 பவுண்டுக்கு நல்லது கிடைக்கும். 28 கேஜ் காந்தல் ஏ1 கம்பிச் சுருள் 10 மீட்டர், ஒரு பை பஞ்சு (காட்டன் பேகன் மாதிரி), கூரான சிறு கத்தரி, செராமிக் முனை இடுக்கி, 2.5 மி.மீ. ட்ரில் பிட். இதோடு ஓம் காட்டும் ரெகுலேட்டட் மோட் கட்டாயம் வேண்டும். சர்க்யூட் இல்லாத மெக்கானிக்கல் மோடில் ஒரு ஷார்ட் நேர்ந்தால் தடுக்க எதுவும் இல்லை. பேட்டரி நேராகச் சூடேறும்.

காந்தல் என்பது இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த கம்பி. 28 கேஜ் என்றால் 0.32 மி.மீ. கனம், மீட்டருக்குச் சுமார் 18 ஓம். அந்த 2.5 மி.மீ. ட்ரில் பிட் மேல் 6 சுற்று சுற்றினால், கால்களையும் சேர்த்து 6 செ.மீ. கம்பி, 1.1 ஓம் வரும். 13 வாட்டுக்கு அது கச்சிதம். பிடித்து இழுக்கக் கூடுதலாக விடும் நீளத்தோடு ஒரு காயிலுக்கு 8 செ.மீ. வைத்தாலும் ஒரு சுருளில் 120 காயிலுக்கு மேல் வரும்.

காலைத் திருகின் எந்தப் பக்கம் மாட்டுகிறோம் என்று பாருங்கள். திருகு வலப்புறம் இறுகும்போது கம்பியை உள்ளே இழுக்க வேண்டும். எதிர்ப்பக்கம் மாட்டினால் வெளியே தள்ளும். காயில் காற்றுத் துளைக்கு நேர் மேலே, 1 முதல் 2 மி.மீ. உயரத்தில் நிற்கட்டும். மிச்சக் காலைத் திருகோடு ஒட்ட வெட்டுங்கள். அரை மி.மீ. நீட்டிக்கொண்டிருந்தாலும் மூடி போட்டதும் ஷார்ட் ஆகும். மூடி இல்லாமல் ஓம் சரியாகக் காட்டி, மூடியதும் ஷார்ட் வந்தால் காரணம் இதுதான்.

பஞ்சு வைக்கும் முன் 10 வாட்டில் ஓரிரு விநாடி அழுத்திப் பாருங்கள். காயில் நடுவிலிருந்து இருபக்கமும் ஒரே சீராகச் சிவக்க வேண்டும். ஒரு சுற்று மட்டும் முந்திக்கொண்டு சிவந்தால், பட்டனை விட்டுவிட்டு, செராமிக் முனையால் சுற்றுகளை வீணை நரம்பு போல மெல்லச் சுண்டிவிட்டு மறுபடி பாருங்கள். மூன்று, நான்கு தடவையில் சீராகும். ஒரே மூச்சாக அழுத்திப் பிடிக்காதீர்கள், திருகுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் இன்சுலேட்டர் இளகிவிடும்.

இனிப் பஞ்சு. பத்தில் ஒன்பது கோளாறு இங்கேதான்.

விளக்குத் திரி திரித்துப் பழகிய கைகளுக்கு ஒரு எச்சரிக்கை: முறுக்காதீர்கள். முறுக்கிய பஞ்சில் லிக்விட் ஏறாது. இழைகள் நீளவாக்கில் போகும்படி 6 செ.மீ. பட்டை எடுத்து, கோப்பதற்காக முனையை மட்டும் கூராக்கி, காயிலுக்குள் விட்டு இழுங்கள். இழுக்கும்போது காயில் லேசாக அசைய வேண்டும், ஆனால் உருக்குலையக் கூடாது. எந்தத் தடையும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் பஞ்சு குறைவு: கம்பியில் படாத இடத்தில் லிக்விட் தேங்கிக் கொப்புளிக்கும். காயிலே கூட வந்தால் அதிகம்: நாலாவது இழுப்பில் தொண்டை கமறும். பஞ்சு லிக்விட் குடித்ததும் கொஞ்சம் உப்பும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

இருபக்கமும் தொங்கும் வாலை டெக்கின் (திருகுகள் இருக்கும் அடித்தட்டு) வெளி விளிம்புக்கு நேராக வெட்டுங்கள். பிறகு இடுக்கியால் வாலை நன்றாகச் சீவி, அடர்த்தியில் மூன்றில் ஒரு பங்கை உதிர்த்துவிடுங்கள். இந்தச் சீவலை விடுபவர்கள்தான் ஆர்டிஏ நமக்கு ஒத்துவராது என்று விற்றுவிடுகிறார்கள். காயிலுக்குள் இறுக்கமும் வாலில் தளர்வும் வேண்டும். வால் முனை லிக்விட் வரும் வாய்க்காலின் தரையைத் தொட்டு நிற்கட்டும். வாய்க்காலை மூட வேண்டும், ஆனால் அடைக்கக் கூடாது. ஓரத்தில் சந்து தெரிந்தால் காற்று தப்பி, டேங்க்குக்குள் இருக்கும் குறைந்த அழுத்தம் போய், மொத்த லிக்விட்டும் காற்றுத் துளை வழியாக வெளியே வரும். குத்தி அடைத்திருந்தால் இழுக்கும்போது கண்ணாடிக்குள் குமிழி ஏறாது. இரண்டு இழுப்புக்கு ஒரு தடவையாவது குமிழி எழுகிறதா என்று பாருங்கள். எழுந்தால் திரி ஓடுகிறது.

காயில் மேல் 3 சொட்டு, இரண்டு வாலிலும் 2 சொட்டு விடுங்கள். வெள்ளைப் பஞ்சு கண்ணாடி மாதிரி ஆனதும் மூடி, நிரப்பி, பத்து நிமிடம் வையுங்கள். விஜி 70 சதவீதம் என்றால் கால் மணி நேரம். 9 வாட்டில் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள். மேலிருந்து நிரப்பும் டேங்கில், நிரப்பும் நேரத்தில் காற்றுத் துளையையும் லிக்விட் வழியையும் மூடிவைத்தால் கசிவு பாதி குறையும்.

கருகல் வாடை வந்தால் பொறுத்துக்கொண்டு இழுக்காதீர்கள். திரி வறண்டு சூடேறும்போது ஃபார்மால்டிஹைடு போன்ற ஆல்டிஹைடுகள் அதிகமாகும். அந்தக் கமறல் எச்சரிக்கை மணி. கருகிய பஞ்சு தேறாது, எடுத்துப்போட்டுப் புதிது வையுங்கள்.

வாரம் ஒருமுறை திரி மாற்றுவது சரியான கணக்கு. இனிப்பு லிக்விட் என்றால் மூன்று நாள். பஞ்சை உருவியதும் 2 விநாடி, 2 விநாடியாகக் கம்பியை மங்கலான சிவப்புக்குக் கொண்டுபோங்கள். கறுப்புப் படலம் புகைந்து சாம்பலாகும். மோடிலிருந்து டெக்கைக் கழற்றி (இதை மறந்து குழாயடியில் மோடையும் சேர்த்து நனைப்பவர்கள் உண்டு) ஆறவிட்டு, பழைய பல்துலக்கியால் தண்ணீரில் தேய்த்து, உலர்த்தித் திரும்ப ஒரு தடவை சூடாக்கினால் கம்பி புதிது போலிருக்கும். இது காந்தல், நைக்ரோம் கம்பிகளுக்கு மட்டும். சுத்த நிக்கல், டைட்டானியம் கம்பிகளை ஒருபோதும் சிவக்கவிடக் கூடாது. பஞ்சு உள்ளே இருக்கும்போது எந்தக் கம்பியையும் இப்படிச் சுடக் கூடாது. ஐந்தாறு தடவைக்குப் பிறகு கம்பியில் புள்ளி விழுந்தாலோ, ஓம் 0.1க்கு மேல் நகர்ந்தாலோ புதிது சுற்றிவிடுங்கள். கம்பி விலையைப் பார்த்தால் அதற்கு முன்பே மாற்றினாலும் நஷ்டமில்லை.

உருவிய பஞ்சை மேசையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். பிரிட்டனில் அனுமதிக்கும் உச்சம் மில்லிக்கு 20 மி.கி. நிகோடின், 10 மி.லி. சீசாவில் 200 மி.கி. தவழும் குழந்தையோ நாயோ வாயில் வைத்தால் விபரீதம். ஈரத் திரியைத் தாளில் சுருட்டி மூடியுள்ள குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, மேசையைத் துடைத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணைக் கசக்குவது, லென்ஸ் எடுப்பது எல்லாம் அதற்குப் பிறகு.