ரப்பர் பாலுக்குள் நீர் நகர்வதைப் பார்க்க எந்தக் காந்தம்?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பால்மரத்தோடு (ரப்பர் மரம்) வளர்ந்தவர்களுக்குப் பால் காயும் விதம் தெரியும்: மேலே ஆடை படரும், அடியில் ஈரம் நிற்கும். அந்த ஈரம் எந்த ஆழத்திலிருந்து, எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்பதைக் கையே வைக்காமல் காட்டக்கூடியது என்எம்ஆர்: காந்தப்புலத்தில் வைத்த பொருளின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் தரும் ரேடியோ சமிக்ஞையைப் படிக்கும் முறை. எந்தக் கருவி என்பதில்தான் சண்டை.

பலரும் முதலில் கைகாட்டுவது பல்கலைக்கழகத்துப் பெரிய மீக்கடத்துக் காந்தத்தை. 400 மெகாஹெர்ட்ஸ் கருவி என்றால் காந்தப்புலம் 9.4 டெஸ்லா. 1965இல் ஸ்டெய்ஸ்கலும் டேனரும் தந்த முறைதான் இன்றும் அடிப்படை: புலச்சரிவுத் துடிப்பு (காந்தப்புலத்தை இடத்துக்கு இடம் சற்று மாற்றும் துடிப்பு) இரண்டு கொடுத்து, எதிரொலியாகத் திரும்பிவரும் சமிக்ஞை எவ்வளவு மங்கியது என்பதை வைத்து மூலக்கூறு நகர்ந்த தூரத்தைக் கணக்கிடுவது. 25 டிகிரியில் நீர் மூலக்கூறு ஒரு நொடியில் ஒரு திசையில் சுமார் 70 மைக்ரோமீட்டர் விலகும். ஒரே குழாயில் நீரும் டொலுவின் என்ற கரைப்பானும் இருந்தால் தனித்தனியே அளக்கலாம்; அதில் இதை அடிக்க ஆளில்லை. ஆனால் சரிவைப் படிப்படியாகக் கூட்டி அளக்க நிமிடக்கணக்கில் ஆகும். முதல் புள்ளியில் இருந்த ஈரம் கடைசிப் புள்ளியில் இருக்காது. போதாததற்கு, காந்தத்தைக் குளிர்விக்கும் திரவ ஹீலியம் வேறு வற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தாமதத்துக்கு மருந்தாக வந்தது அதிவேக முறை. குழாயின் நீளத்தைப் பல அடுக்குகளாக எடுத்து, அடுக்குக்கு ஒரு குறியீடு கொடுத்து, எல்லாப் படிகளையும் ஒரே அடியில் முடித்துவிடும். சரி, ஆனால் சமிக்ஞை அடுக்குகளுக்குள் பங்கு பிரிந்து இளைத்துப்போகும். மாதிரியும் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக இருக்க வேண்டும். ஆடை படர்ந்த பால் அப்படியா இருக்கும்?

அடுத்தது, நிரந்தரக் காந்தம் வைத்த சிறிய மேசை என்எம்ஆர் கருவி. செம்பனை எண்ணெய்க்காரர்களுக்குப் பழகியதுதான். சுத்திகரிப்பு ஆலைகளில் திடக்கொழுப்பு அளப்பது அதில்தான். ஹீலியம் வேண்டாம். சரிவுச் சுருள் சேர்த்தால் மார்ஜரினுக்குள் இருக்கும் நீர்த்துளியின் அளவும் கிடைக்கும். ஏர்கான் மட்டும் ஒழுங்காக ஓட வேண்டும், சூடேறினால் நிரந்தரக் காந்தத்தின் புலம் மாறும்.

பாலுக்கு என் தேர்வு ஒருபக்கக் காந்தம்: மாதிரியை உள்ளே நுழைக்காமல் மேலே வைத்தே அளப்பது. ஜெர்மனியின் ஆகன் நகரில் 1990களில் உருவான என்எம்ஆர்-மவுஸ், பிரிட்டனின் சர்ரே பல்கலைக்கழகத்துக் கார்ஃபீல்ட் எல்லாம் இந்த வகை. கண்ணாடித் தகட்டில் பாலை ஊற்றிக் காந்தத்தின்மேல் வைத்தால் போதும். ஆழத்துக்கு ஆழம் புலம் மாறுவதால் ஒவ்வோர் அதிர்வெண்ணும் ஓர் ஆழத்தைச் சொல்லும். சுமார் 10 மைக்ரோமீட்டர் நுணுக்கம் வரை பிரித்துப் பார்க்கலாம். மேல்பக்கம் திறந்தே இருப்பதால் பால் தன்போக்கில் காயும். அப்புறம், ரப்பர் கையுறைத் துண்டொன்றை வைத்து மேலே கரைப்பானை ஊற்றினால் அது உள்ளே இறங்குவதையும் தொடரலாம்.

குறை, வந்தது எந்தப் பொருள் என்று இது பெயர் சொல்லாது. ரப்பரின் சமிக்ஞை சீக்கிரம் அடங்கும், நீரினுடையது மெதுவாக அடங்கும். அதை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். பெரிய காந்தத்துக்காரர்கள் இதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் பால் கெடாமலிருக்கச் சேர்க்கும் அம்மோனியாவை அவர்கள் கருவியும் நீரிலிருந்து பிரித்துக் காட்டாது: இரண்டும் ஹைட்ரஜனை ஓயாமல் மாற்றிக்கொள்வதால் ஒரே கோடாகத்தான் தெரியும்.