என்ஃபோர்சர் சர்வீஸ்: ஸ்டார் பிளேயருக்கு அடியாள் வெச்சா பாதுகாப்பா? 5க்கு 2

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்ச ரிவ்யூ இது. சரக்கு என்னன்னா, வட அமெரிக்காவோட பெரிய ஐஸ் ஹாக்கி லீக்கான என்ஹெச்எல்ல இருக்கிற டீமுங்க தங்களோட ஸ்டார் பிளேயரை யாரும் தொடக்கூடாதுன்னு சம்பளம் குடுத்து வெச்சிருக்கிற அடியாள், அங்க அவரை என்ஃபோர்சர்னு சொல்லுவாங்க. கோல் போடத் தெரியணும்னு கட்டாயம் இல்ல, மேட்சுல நாலஞ்சு நிமிஷம் ஐஸ்ல இறங்கினா பெருசு, மீதி நேரம் பெஞ்சுல உக்காந்து எதிர் டீமை முறைக்கணும். எங்க ஆளை இடிச்சா உன் மூஞ்சி இருக்காதுங்கறதுதான் இந்த சர்வீஸோட விளம்பரமே.

இதுக்குக் கிடைச்சதுலயே பெரிய நற்சான்றிதழ் ஐஸ் ஹாக்கி ஜாம்பவான் வெய்ன் கிரெட்ஸ்கியோடது. எட்மண்டன் ஆய்லர்ஸ்ல அவருக்குக் காவலா டேவ் செமன்கோ இருந்தாரு. 1983 ஆல் ஸ்டார் மேட்சுல ஒரே பீரியட்ல (20 நிமிஷம், மேட்சுக்கு மூணு பீரியட்) 4 கோல் போட்டு கிரெட்ஸ்கி ஜெயிச்ச காரை அப்படியே செமன்கோ கிட்ட குடுத்துட்டாரு. 1988 ஆகஸ்ட்ல லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸுக்கு அவரை வித்தப்பவும் இன்னொரு அடியாள் மார்ட்டி மெக்சார்லி கூடவே போனாரு. வாடிக்கையாளரே இப்படின்னா சரக்கு நல்லாதான இருக்கும்னு நானும் ரொம்ப வருஷம் நம்பினேன். ஆனா அதே மெக்சார்லிதான் 2000 பிப்ரவரில டொனால்ட் பிரஷியர் தலைல ஸ்டிக்கால அடிச்சு கோர்ட்ல குற்றவாளின்னு தீர்ப்பு வாங்கினாரு, அது தனிக்கதை.

எனக்கு நம்பிக்கை போனது மார்க் சவார்ட் விஷயத்துல. 2010 மார்ச் 7, பாஸ்டன் டீமோட சவார்ட் ஷாட் அடிச்சு முடிச்ச நொடி, பக்கவாட்டுல இருந்து வந்த பிட்ஸ்பர்க்கோட மேட் குக் தோளாலயே தலைல இடிச்சாரு, ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டுப் போனாங்க. ரெஃப்ரி பெனால்டி குடுக்கல, லீக் சஸ்பெண்டும் பண்ணல. பாஸ்டன்ல ஷான் தார்ன்டன்னு நல்ல பேர் வாங்கின சண்டைக்காரர் இருந்தும்தான் இது நடந்துச்சு, அதாவது காவல் நாய் வாசல்லயே இருக்க திருடன் உள்ள போய்ட்டு வந்துட்டான். சரி பழியாவது வாங்கினாங்களான்னா, 11 நாள் கழிச்சு ரெண்டு டீமும் மறுபடி மோதினப்ப ஆரம்பத்துலயே தார்ன்டன் குக்கைப் பிடிச்சாரு.

அந்த சண்டை எப்படி இருக்கும்னு பாக்காதவங்களுக்கு: ரெண்டு பேரும் கையுறையைக் கீழ உதறிட்டு ஒருத்தர் சட்டையை இன்னொருத்தர் இடது கையால கொத்தா பிடிச்சுக்கிட்டு வலது கையால குத்துவாங்க. கால்ல பிளேடு இருக்கிறதால சட்டையை விட்டா ரெண்டு பேருமே சறுக்கி விழ வேண்டியதுதான், சட்டை தலைக்கு மேல உருவிடக்கூடாதுன்னு பின்னாடி பேண்ட்டோட சேர்த்து ஒரு ஸ்ட்ராப் மாட்டியிருப்பாங்க. துணை ரெஃப்ரிங்களான லைன்ஸ்மேன் ரெண்டு பேரும் அவசரமே படாம ஓரமா நிப்பாங்க, யாராவது ஒருத்தர் விழுந்தாதான் மேல பாய்ஞ்சு பிரிப்பாங்க. பெஞ்சுல இருக்கிறவங்க ஸ்டிக்கால போர்டைத் தட்டுவாங்க. அப்புறம் ஆளுக்கு 5 நிமிஷம், தப்பு பண்ணவங்களை வெளிய உக்கார வெக்கிற பெனால்டி பாக்ஸ். கணக்கு முடிஞ்சது. சவார்ட் தலைக்கு ஈடு 5 நிமிஷம்! அவரு அதுக்கடுத்த சீசன்ல 25 மேட்ச் ஆடி, 2011 ஜனவரில இன்னொரு இடி வாங்கினதோட கரியரே முடிஞ்சுபோச்சு.

இப்ப அதே குக்கை கவனிங்க. குத்து வாங்கி அவரு மாறல. 2011 மார்ச்ல நியூயார்க் ரேஞ்சர்ஸோட மெக்டோனா மேல முழங்கை விட்டப்பதான் லீக் மிச்சமிருந்த 10 மேட்சும் பிளேஆஃப் முதல் ரவுண்டும் சேர்த்து உக்கார வெச்சுது, சம்பளமும் போச்சு. அந்த சீசன்ல 129 நிமிஷம் பெனால்டி வாங்கின மனுஷன் அடுத்த சீசன்ல வெறும் 44. 2014 பிளேஆஃப்ல பழைய புத்தி எட்டிப் பாத்துச்சு, இல்லன்னு சொல்லல, ஆனா தார்ன்டனோட கையால ஆகாததை சஸ்பென்ஷன் செஞ்சுச்சா இல்லையா?

1992ல கொண்டுவந்த இன்ஸ்டிகேட்டர் ரூல்தான் எல்லாத்தையும் கெடுத்துச்சுன்னு ஒரு கூட்டம் சொல்லும். சண்டையை ஆரம்பிக்கிறவருக்கு கூடுதலா 2 நிமிஷம், அந்த நேரம் டீம் ஒரு ஆள் குறைவா ஆடணும், அதனால அடியாளுங்க பயப்படறாங்கன்னு வாதம். அதுல கொஞ்சம் நியாயம் இருக்கு. ஆனா பழிவாங்கறதை அவங்க கைலயே விட்டா எங்க போய் நிக்கும்னு 2004ல பாத்தாச்சு. கொலராடோவோட ஸ்டீவ் மூர், வேன்கூவர் கேப்டன் நாஸ்லண்டை இடிச்சாரு. மார்ச் 8 மேட்சுல முதல் பீரியட்லயே மூரை சண்டைக்கு இழுத்தாங்க, (இழுத்தது யாருங்கறீங்க, அப்ப வேன்கூவர்ல இருந்த இதே மேட் குக்!), அவரும் மறுக்காம சண்டை போட்டாரு. அவங்க எழுதாத சட்டப்படி அதோட கடன் தீர்ந்திருக்கணும். தீரல. மூணாவது பீரியட்ல டாட் பெர்டூஸி பின்னாடி வந்து குத்தி மேலயே விழ, மூர் கழுத்தெலும்பு முறிஞ்சு, அப்புறம் ஆடவேயில்ல. நாஸ்லண்ட் மூணே மேட்ச்ல திரும்பி வந்திருந்தாரு.

கவரேஜ் வேற ரொம்பக் கம்மி. பெரிய ஸ்டார் கானர் மெக்டேவிட் இருந்த எட்மண்டன் டீம் 2016ல மிலன் லூச்சிச்சை 7 வருஷத்துக்கு 42 மில்லியன் டாலர்னு எடுத்துச்சு (அவரு வெறும் அடியாள் இல்ல, கோலும் போடுவாருங்கறது வேற). 2019 ஏப்ரல்ல மெக்டேவிட் வேகமா சறுக்கிப் போய் கோல் போஸ்ட்ல மோதி முழங்கால் போச்சு. கோல் போஸ்ட்டோட யாரு சண்டை போடறது?

இந்த சர்வீஸுக்கு உண்மையான பில் கட்டினது அந்த அடியாளுங்கதான். டெரக் பூகார்ட் 277 மேட்ச்ல போட்டது 3 கோல், 2011 மே மாசம் 28 வயசுல செத்துப்போனாரு, மூளையை ஆராய்ஞ்சதுல திரும்பத் திரும்ப அடிபட்டா வர சிடிஇ நோய் இருந்துச்சு. பாப் ப்ராபர்ட் மூளைலயும் அதேதான்.

இவ்வளவு இருந்தும் டீமுங்க ஏன் வாங்குதுங்கன்னா, போலீஸ் சரியில்லாத ஊர்ல ரவுடிக்கு மவுசு இருக்கத்தான் செய்யும். 2021 மே 3ல வாஷிங்டனோட டாம் வில்சன் ரேஞ்சர்ஸ் ஸ்டார் பனாரினை ஐஸ்ல தூக்கிப் போட்டாரு. வருஷம் 5 மில்லியனுக்கு மேல வாங்கறவருக்கு லீக் போட்ட அபராதம் 5,000 டாலர், அதுவும் அதே தகராறுல புச்னெவிச்னு இன்னொரு ரேஞ்சர்ஸ் பிளேயரை அடிச்சதுக்கு, பனாரின் விஷயத்துக்கு ஒண்ணுமே இல்ல. அதைக் கண்டிச்சு அறிக்கை விட்ட ரேஞ்சர்ஸுக்கு 2,50,000! இந்த மாதிரி தண்டனையை முடிவு பண்ற லீக்கோட பிளேயர் பாதுகாப்புத் துறைக்கு அப்ப தலைவரா இருந்த ஜார்ஜ் பேரோஸ் யாருன்னா, முன்னாள் என்ஃபோர்சர், 2013ல சண்டை போடறப்ப முகம் குப்புற ஐஸ்ல விழுந்து நினைவு தப்பினவரு. வில்சன் சம்பவத்துக்கு ரெண்டு நாள் கழிச்சு அதே ரெண்டு டீமும் ஆடின மேட்சுல, ஆட்டத்தைத் தொடங்க பக் (பந்துக்குப் பதிலா இருக்கிற ரப்பர் வட்டு) விழுந்த உடனே மூணு சண்டை, ஜூலைல ரேஞ்சர்ஸ் ரயன் ரீவ்ஸ்னு ஒரு என்ஃபோர்சரை வாங்கிட்டு வந்துச்சு.

வாங்கறவங்களுக்குக் கிடைக்கறது பாதுகாப்பு இல்ல, தைரியம். நம்ம பக்கம் ஒருத்தன் இருக்கான்னு ஸ்டாருக்கு தோணினா அவன் மூலைல போய் பக்கை எடுக்கத் தயங்க மாட்டான், அதுக்கும் ஒரு மதிப்பு உண்டுதான். அந்தத் தைரியத்துக்கு ஒரு ஸ்டார். இன்னொண்ணு செமன்கோவுக்குக் கிடைச்ச காருக்கு.