ஆவணி, புரட்டாசியில் எங்கே நிற்பது? பக்கத்து ஏரியிலா, பள்ளிக்கரணையிலா, கேளம்பாக்கத்திலா?

ஆகஸ்ட் நடுவில் தொடங்கி வடகிழக்குப் பருவமழை இறங்கும்வரை, தென்சென்னைப் பக்கம் பறவை பார்க்கிறவர்களுக்கு வருகிற கேள்வி ஒன்றுதான்: கிடைக்கிற காலைப் பொழுதை எங்கே கொண்டுபோய்ச் செலவழிப்பது? வாத்துகள் வர இன்னும் நாளாகும். இப்போது வடக்கிலிருந்து வந்து இறங்குபவை ஈரச் சேற்றில் இரை தேடும் உள்ளான்கள், உப்புக்கொத்திகள், அவற்றோடு வாலாட்டிகள், கீச்சான்கள், கதிர்க்குருவிகள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், கேளம்பாக்கம் உப்பங்கழி, வீட்டுப் பக்கத்து ஏரி என்று மாற்றி மாற்றி அலைந்துவிட்டு, இந்தப் பருவத்துக்கு நான் ஏரியோடு நின்றுவிட்டேன். மேடவாக்கத்துக்குத் தெற்கே, பெயர் சொன்னாலும் பலருக்குத் தெரியாத ஓர் ஏரி அது. ஆகவே இந்த அலசல் எந்தப் பக்கம் சாயும் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எல்லாருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். ஏரிக்கு நடந்தே போகலாம். வேலைக்குக் கிளம்புவதற்கு முன் முக்கால் மணி நேரம் போதும். பள்ளிக்கரணைக்கு வண்டி வேண்டும். கேளம்பாக்கத்துக்கு அரை நாள் வேண்டும். பறவை இனங்களின் எண்ணிக்கையில் ஏரி மற்ற இரண்டுக்கும் கிட்டவே வராது. பட்டியல் நீள வேண்டும் என்பதுதான் உங்கள் ஆசை என்றால் மேற்கொண்டு படிக்கவே வேண்டாம், பள்ளிக்கரணைக்குப் போய்விடுங்கள்.

என் முடிவைத் தீர்மானித்தது சேறுதான்.

நம் பக்கத்து ஏரிகள் ஒருபக்கம் ஆழமாகவும் மறுபக்கம் தட்டையாகவும் இருக்கும். நிலம் கடலை நோக்கிச் சரிவதால் பெரும்பாலும் கிழக்கே கரை போட்டு மதகு வைத்திருப்பார்கள், ஆழமெல்லாம் அங்கேதான். வாய்க்கால் வந்து சேரும் மேற்குப் பக்கம், அதாவது நீர்ப்பிடிப்புப் பக்கம், கணுக்கால் அளவுத் தண்ணீர்தான் நிற்கும். கோடையிலிருந்து வற்றிக்கொண்டே வந்த ஏரியில் ஆவணி வாக்கில் அந்தத் தட்டை முழுக்க வெளியே தெரியும். நேற்றுவரை தண்ணீருக்கு அடியில் கிடந்த மண், இன்று நாலைந்து அடி அகலத்துக்கு ஈரம் காயாத பட்டையாக வெளிப்பட்டிருக்கும். புழு பூச்சிகள் அலகுக்கு எட்டும் ஆழத்தில் இருப்பது அந்தப் பட்டையில்தான். அதற்கு வெளியே மண் காய்ந்து வெடித்துவிட்டால் வாலாட்டியும் ஆள்காட்டியும் மட்டும் நடமாடும். உள்ளே ஆழமாகிவிட்டால் நீர்க்காகமும் முக்குளிப்பானும்தான்.

இந்தப் பட்டையில் பறவைகள் காலின் உயரத்துக்கு ஏற்ப இடம் பிடித்துக்கொள்ளும். பட்டாணி உப்புக்கொத்தி ஈர மண்ணில் ஓடும், சட்டென்று நிற்கும், மறுபடி ஓடும். கொசு உள்ளான் வந்திருந்தால் தண்ணீரின் விளிம்பில் தையல் போடுவதுபோலக் கொத்திக்கொண்டே போகும். பொறி உள்ளான் கணுக்கால் தண்ணீரில், பச்சைக்காலி அதைத் தாண்டி, வருடம் முழுக்க இங்கேயே இருக்கும் நெடுங்கால் உள்ளான் இன்னும் உள்ளே. ஓரிடத்தில் நின்று இடமிருந்து வலமாகத் தொலைநோக்கியை ஓட்டினாலே மொத்தப் பந்தியும் தெரிந்துவிடும்.

அந்தப் பட்டை ஒரே இடத்தில் இருப்பதில்லை. தினமும் நகரும். வெயில் காய்ந்தால் உள்ளே போகும். மாலையில் இடிமழை ஒன்று அடித்தால் மறுநாள் வெளியே வரும். ஏரியில் எருமை மேய்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். என்னைப் பார்த்ததும், "தம்பி, தண்ணி இன்னிக்கு அந்தாண்ட போயிருச்சு, ஒங்க குருவிங்கெல்லாம் வேலமரத்தாண்ட இருக்குது" என்று கை காட்டுவார். அநேகமாகச் சரியாகத்தான் இருக்கும். வாரம் ஒருமுறை வந்துபோகிறவருக்கு இந்த நகர்வு பிடிபடாது. போன வாரம் பறவை இருந்த இடத்தில் நின்றுகொண்டு, ஒன்றும் இல்லை என்று திரும்பிவிடுவார். எனக்கு ஏரி ஜெயித்தது இதனால்தான். நான் ஏரியைவிட்டு மாறாமல் இருப்பதால் தண்ணீர் மாறுவது தெரிகிறது.

ஆனால் எல்லா ஏரியும் இதற்கு ஆகாது. இடம் தேடுகிறவர்கள் இதை முதலில் கவனிக்க வேண்டும். பொக்லைன் இறக்கித் தூர்வாரி, சுற்றிலும் செங்குத்தாகக் கரை உயர்த்தி, கல் பதித்து, நடைபாதையும் நடுவில் தீவும் போட்ட ஏரியில் தண்ணீர் நிறைய நிற்கும். கூழைக்கடா வரும், நீர்க்காகம் வரும், தீவு மரங்களில் கொக்கும் நாரையும் அடையும். உள்ளானுக்கு மட்டும் கால் வைக்க இடம் இருக்காது. தண்ணீர் இரண்டடி இறங்கினாலும் அந்தச் சுவரில் இரண்டடி ஈரம் தெரியுமே தவிர, சேறு விரியாது. நிலத்தடி நீருக்கு அந்த வேலை தேவைதான், மறுக்கவில்லை. நீர்ப்பிடிப்புப் பக்கத்தையாவது சரிவாக விட்டுவைக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம். ஆகாயத்தாமரை மூடிய ஏரியும் அப்படித்தான்: இலைக்கோழிக்கும் தாழைக்கோழிக்கும் கொண்டாட்டம், உள்ளானுக்கு ஒன்றுமில்லை. கூகுள் எர்த்தில் பழைய படங்களைத் தேதிவாரியாகத் தள்ளிப் பாருங்கள். கோடைப் படத்தில் தண்ணீருக்கும் கரைக்கும் நடுவே பழுப்பு நிறத்தில் அகலமான விளிம்பு தெரிந்தால் அந்த ஏரியை நம்பிப் போகலாம்.

வெளிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். கிழக்குக் கரையில் காலையில் நின்றால் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும், ஆனால் சேறு எதிர்க்கரையில் தூரமாக இருக்கும். நீர்ப்பிடிப்புப் பக்கம் போனால் பறவை கிட்டே, சூரியன் முகத்துக்கு நேரே. ஆகவே காலையில் கரையிலிருந்து எண்ணிக்கை, மாலையில் மேற்கே போய் அடையாளம் என்று பிரித்துக்கொண்டேன்.

கிட்டே போய்ப் பார்க்கும்போதுதான் ஏரியின் அருமை தெரியும். எட்டு மடங்கு பெரிதாக்கும் சாதாரணத் தொலைநோக்கியே போதும். முதுகில் வெள்ளைப் புள்ளிகள் தெளித்து, கண்ணுக்கு மேல் தெளிவான வெள்ளைப் புருவத்தோடு, மஞ்சளும் பச்சையும் கலந்த காலில் நிற்பது பொறி உள்ளான். அதைவிடக் கருத்த முதுகோடு வாய்க்கால் மூலையில் தனியாக நின்று, பறக்கும்போது இறக்கையின் அடிப்பக்கம் கறுப்பாகத் தெரிந்தால் பச்சை உள்ளான். நெஞ்சுப் பக்கத்து வெள்ளை தோளுக்கு முன்னால் மேலே ஏறியிருக்க, பின்பாகத்தை ஓயாமல் ஆட்டிக்கொண்டே மதகுக் கல்லில் நடப்பது சாதாரண உள்ளான். மூன்றையும் ஒரே மாலையில் பக்கத்துப் பக்கத்தில் பார்க்க முடிந்தால் அப்புறம் எந்தப் பறவை நூலும் தர முடியாத பிடிப்பு வந்துவிடும். எருமைக் குளம்பு பதிந்த குழிகளில் தண்ணீர் தேங்கிய புல்வெளியில் மெல்ல நடந்தால், காலடியிலிருந்தே கரகரத்த குரலோடு விசிறிவால் உள்ளான் கிளம்பும். அது உட்கார்ந்திருப்பதை முன்கூட்டியே கண்டுபிடிக்கிறவர்களுக்கு என் வணக்கம்.

பள்ளிக்கரணைக்கு வருவோம். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த சதுப்பு நிலம், ஆயிரத்து இருநூறு ஹெக்டேருக்கு மேல். நகரத்துக்கு நடுவே இப்படி ஒன்று மிச்சமிருப்பதே பெரிய விஷயம். பூநாரை நிற்கும், நாமக்கோழி மொய்க்கும், ஒரு மணி நேரத்தில் பட்டியல் நிறையும். ஆனால் இந்தப் பருவத்தில் எனக்கு வேண்டிய சின்ன உள்ளான்கள் அங்கே தூரத்தில் நிற்கின்றன. துரைப்பாக்கம் ரேடியல் சாலையோரத்தில் லாரிகள் உரச நின்று பார்த்தால் அவை பழுப்புப் புள்ளிகள்தான். முக்காலியில் நிறுத்திப் பார்க்கும் பெரிய தொலைநோக்கியான ஸ்கோப் இல்லாமல் கொசு உள்ளானையும் மற்ற சிறு உள்ளான்களையும் பிரிக்க முடியாது. ஸ்கோப் இருந்தாலும் ஒன்பது மணிக்கு மேல் கானல் ஆடத் தொடங்கிவிடும். இன்னொன்று, அங்கே தண்ணீர் ஏறுவதும் இறங்குவதும் மழையை மட்டும் பொறுத்ததில்லை. சுற்றியுள்ள குடியிருப்புகளின் கழிவுநீர் வருகிறது, ஒக்கியம் மடுவு வழியாக வடிகிறது. சேறு எங்கே வரும் என்று முன்கூட்டிச் சொல்வது என்னால் ஆகவில்லை. சொந்தமாக ஸ்கோப் இருந்து, சாலையைத் தாங்கும் பொறுமையும் இருந்தால் என் கணக்கு உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம்.

கேளம்பாக்கம் வேறு ஜாதி. கோவளம் போகும் சாலையின் இருபுறமும் உப்பங்கழி, ஒட்டி உப்பளங்கள். பறவை கிட்டேயே நிற்கும். ஒரு விஷயத்தில் இது என் ஏரியைத் தோற்கடித்துவிடும்: இனப்பெருக்கக் கால உடை, அதாவது கூடு கட்டும் பருவத்து இறகு நிறம். வடதுருவப் பக்கம் கூடு கட்டிய உள்ளான்களில் முதிர்ந்தவை முதலில் கிளம்பி வரும், குஞ்சுகள் பின்னால் வரும். ஆகஸ்ட் கடைசியில் போனால் வயிற்றில் கறுப்புத் திட்டுகள் மிச்சமிருக்கும் பொன்னிற உப்புக்கொத்திகளைப் பார்க்கலாம். மாதம் ஒன்று கழித்துப் போனால் அதே பறவை மங்கலான தவிட்டு நிறத்தில் நிற்கும். அதனால் ஆகஸ்டின் கடைசி ஞாயிறு ஒன்றைக் கேளம்பாக்கத்துக்குக் கொடுத்துவிடுவது நல்லது. அதற்கு மேல் அந்த இடத்தைப் பற்றி அழுத்திப் பேச எனக்கு அனுபவம் போதாது. அலைமட்டமும், முகத்துவாரம் திறந்திருக்கிறதா மணல் மூடியிருக்கிறதா என்பதும் அங்கே சேற்றைத் தீர்மானிக்கின்றன. அதைப் படிக்க அந்தப் பக்கம் குடியிருக்க வேண்டும். ஆலாக்களை இனம் பிரிப்பதிலும் நான் இன்னும் தடுமாறுகிற ஆள்தான்.

வேதாரண்யம் பக்கத்துப் பறவைச் சரணாலயமான கோடியக்கரையை யாராவது இழுப்பார்கள். அது போட்டிக்கே வராத உயரம். வருடத்துக்கு ஒரு யாத்திரையாக வைத்துக்கொள்ளலாம், தினசரிக்கு ஆகாது.

மரத்துப் பறவைகள் வேண்டும் என்கிறவர்களுக்கு இந்த மூன்றுமே முழுத் தீர்வு இல்லை. ஏரிக்கரையின் வேலமரங்களில் பழுப்புக் கீச்சான் வந்து உட்காரும், புதருக்குள் நாணல் கதிர்க்குருவி 'டக், டக்' என்று சத்தம் மட்டும் கொடுக்கும், மின்கம்பியில் தகைவிலான் சேரும், மாங்குயில் கத்தும். கொடிக்கால் வாலாட்டியும் அரசவால் ஈப்பிடிப்பானும் அக்டோபர் வாக்கில் வரும் ஆறுமணிக் குருவியும் வேண்டுமென்றால் நிழலும் சருகும் உள்ள இடம் தேவை: கிண்டி, நன்மங்கலம் காடுகள் மாதிரி. அங்கே நான் அதிகம் போவது குளிர்காலத்தில்தான், அதனால் செப்டம்பருக்கு மதிப்பெண் போடாமல் விடுகிறேன்.

இந்த ஒப்பீடு பெருமழை வரைக்கும்தான் செல்லும். நாலு நாள் விடாமல் அடித்தால் நீர்ப்பிடிப்புப் பக்கச் சேறு மூழ்கி, தண்ணீர் உபரி வழிந்தோடும் கலங்கல் வரை ஏறிவிடும். உள்ளான்கள் எங்கே ஆழம் குறைவோ அங்கே கிளம்பிப்போகும். அதற்குப் பிறகு ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் பார்க்க, நண்பரிடம் ஸ்கோப் இரவல் வாங்கிக்கொண்டு நானும் அந்த ரேடியல் சாலை ஓரத்தில் லாரிச் சத்தத்தோடு நிற்பேன்.